‘ரெடி டு ரன்’ என்று ஒரு பொய்

காலையில் ரேஸ் கோர்ஸில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர் அடுத்த மாதம் அமெரிக்கா போகிறார். மகன் வீட்டில் ஆறு மாதம் இருக்கப் போகிறார். பேரனுக்குப் பிறந்த நாள் வருகிறதாம். ரிமோட்டில் ஓடும் டிரக் வேண்டும், அதுவும் பேட்டரியில் ஓடுவது வேண்டாம், நிஜ இன்ஜின் வைத்த நைட்ரோ வண்டிதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். "நீங்கதான் அங்கே போய் உங்க பேரனோட வண்டியைக் கட்டிக்கிட்டு அழுதீங்களே, எதை வாங்கலாம்னு சொல்லுங்க" என்றார் நண்பர்.

நான் ஒரு முழுச் சுற்று நடந்து முடிக்கும் வரை சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஏங்க, ஒரு பொம்மைக்கா இத்தனை ராமாயணம்?" என்று சிரித்தார்.

அந்தப் ‘பொம்மை’ என்ற சொல்தான் என்னை இன்று உட்கார்ந்து எழுத வைக்கிறது. நம்மில் பலருக்குப் பேரப்பிள்ளைகள் அந்த ஊரில் இருக்கிறார்கள். நாளைக்கு நீங்களும் இதே கடையில், இதே பெட்டியின் முன்னால் நிற்கக்கூடும். அதனால் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது பொம்மை இல்லை. 3.3 சி.சி. இன்ஜின். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுற்றும். என் பழைய ராஜ்தூத் ஐயாயிரத்தைத் தொட்டாலே அலறும். வண்டியின் எடை நாலு, ஐந்து கிலோ இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அந்த எடை அந்த வேகத்தில் ஒரு குழந்தையின் கணுக்காலில் மோதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். குடிப்பது பெட்ரோல் இல்லை. மெத்தனால், நைட்ரோ மீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள். ஸ்பார்க் பிளக் கிடையாது. க்ளோ பிளக் என்று ஒன்று. அதற்குள் பிளாட்டினம் கலந்த ஒரு சின்னச் சுருள் கம்பி. முதலில் ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைப் பழுக்க வைக்க வேண்டும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அந்த மின்சாரத்தை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி படப்பட கம்பி தானாகவே கனன்றுகொண்டிருக்கும். முப்பத்தாறு வருஷம் அரசு பஸ் பணிமனையில் டீசல் இன்ஜின்களோடு வாழ்ந்த எனக்கே முதலில் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது.

இப்படிப்பட்ட ஒரு எந்திரத்தைப் பெட்டியில் போட்டு, பெட்டியின் மேல் ‘ரெடி டு ரன்’ என்று அச்சடிக்கிறார்கள். அதாவது எடுத்தவுடன் ஓடத் தயார். ஒரு கம்பெனி மட்டும் இல்லை, எல்லோருமே அப்படித்தான் எழுதுகிறார்கள். இதைப் பொய் என்று சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு. ஏனென்றால் அந்தப் பொய்க்கு நான் ஒரு இன்ஜினைப் பலி கொடுத்தேன். இன்ஜின் போனதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. அதையும் சொல்கிறேன்.

2024 மார்ச் கடைசியில் டெக்சஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். பேரனுக்குப் பதினோரு வயது. மாப்பிள்ளை அவனுக்கு இந்த டிரக்கை வாங்கிக் கொடுத்தார். அமெரிக்கா போன பெரியவர்களுக்குத் தெரியும், அங்கே நமக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. சோபா, டிவி, சாயங்காலம் ஒரு நடை. அப்படி இருந்த எனக்கு இன்ஜின் என்று ஒன்று கண்ணில் பட்டதும் எப்படி இருந்திருக்கும்! "கண்ணு, நீ தள்ளு, தாத்தா பாத்துக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

1979-ல் ராஜ்தூத் எடுத்தபோது எனக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? புது இன்ஜினைச் சூடாக்காதே. எண்ணெயைக் கொஞ்சம் கூடவே கலந்து ஊற்று. ரேஸ் கொடுக்காதே. அந்தக் காலத்தில் புது அம்பாசடரின் பின் கண்ணாடியில் ‘ரன்னிங் இன்’ என்று எழுதி ஒட்டியிருப்பார்களே, நினைவிருக்கிறதா? ஊரே அந்த வண்டிக்கு வழிவிட்டு முந்திப் போகும். ரீபோர் செய்த பஸ் இன்ஜினுக்கும் இதே மரியாதைதான். இந்தப் பாடம் எனக்கு ரத்தத்தில் ஊறியது.

அதையே இங்கும் செய்தேன். இரண்டு செங்கல் மேல் வண்டியைத் தூக்கி வைத்தேன். கார்புரேட்டர் ஊசியை நன்றாகத் திறந்து மிக்ஸ்சரை ரொம்ப ரிச்சாக வைத்தேன். முன்னால் ஒரு டேபிள் ஃபேன். சக்கரம் அந்தரத்தில் இருக்க, இரண்டு டாங்க் எரிபொருள் முழுக்க ஸ்லோவிலேயே ஓட விட்டேன். குபுகுபுவென்று புகை, சைலன்சரில் எண்ணெய் ஒழுகியது, இன்ஜின் ஹெட்டில் தைரியமாக விரல் வைக்கலாம், அவ்வளவு குளுமை. எனக்குப் பரம திருப்தி.

பக்கத்தில் கையில் புத்தகத்தோடு நின்ற பேரன் இரண்டு முறை சொன்னான். "தாத்தா, புக்ல இப்படிப் போடலையே. ஓட்டிக்கிட்டேதான் செய்யணும்னு போட்டிருக்கு. சூடு கொஞ்சம் வேணுமாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புக்கு எழுதினவன் எத்தனை இன்ஜின் பிரிச்சிருப்பான் கண்ணு? தாத்தா ஆயிரம் பிரிச்சிருக்கேன்." அவன் அதற்கு மேல் பேசவில்லை.

அவன் சொன்னதுதான் சரி. ஏன் என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். ராஜ்தூத்தின் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். சூடு ஏறினால் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். அதனால் பிஸ்டன் பெருத்து சீஸ் ஆகிவிடும். அங்கே குளுமை நல்லது. இந்தச் சின்ன இன்ஜினில் விஷயம் வேறு. பிஸ்டனில் ரிங்கே கிடையாது. அலுமினியப் பிஸ்டன், பித்தளை ஸ்லீவ், உள்ளே குரோம் பூச்சு. ஸ்லீவின் மேல்பக்கம் வேண்டுமென்றே ஒரு இழை குறுகலாகக் கடைந்திருப்பார்கள். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் மேலே போனால் இறுகிப் பிடிக்கும். ஃபிளைவீலைக் கையால் திருப்பிப் பார்த்தாலே தெரியும். சூடானதும் பித்தளை விரிந்து வழிவிட்டு, சரியான அளவுக்கு வந்துவிடும். ஆக, இதைக் குளிரக் குளிர ஓட்டினால் என்ன நடக்கும்? விரியாத ஸ்லீவில் பிஸ்டன் நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை போய் மோதி இறுகி இறுகித் திரும்பும். பிடிப்பாக இருக்க வேண்டிய இடம் தேய்ந்துபோகும். இழுபடும் கனெக்டிங் ராடு தளர்ந்துபோகும். நான் ‘பதமாக’ ஓட்டிய இரண்டு டாங்கிலும் இதுதான் நடந்தது.

இது என் தப்பு. மீதித் தப்பை மாப்பிள்ளை செய்தார்.

அந்த சனிக்கிழமை காலியாக இருந்த ஒரு பெரிய மைதானத்துக்குப் போனோம். வண்டி புகை கக்கிக்கொண்டு தத்தித் தத்திப் போயிற்று. மாப்பிள்ளை போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். ரன்னிங் இன் எல்லாம் பழைய காலத்து மூடநம்பிக்கை, முதல் டாங்கிலேயே முழு ரேஸ் கொடுங்கள் என்று ஒருவன் அதில் சொல்கிறான். "இப்படிப் போனா எப்படி மாமா, பையனுக்கு போர் அடிக்குமில்ல" என்று சொல்லி ஊசியை மளமளவென்று திருகி மூடினார். புகை நின்றது. வண்டி பறந்தது. என்ன சத்தம்! கொசு ரீங்காரத்தை ஆயிரம் மடங்காக்கிய மாதிரி. மூன்று பேருமே கைதட்டினோம். இரண்டு நிமிஷம் இருக்கும். சட்டென்று சத்தம் அறுந்தது.

டூ ஸ்ட்ரோக் ஓட்டிய தலைமுறை நாம். நமக்குத் தெரிந்த விஷயம்தான் இது. எண்ணெய் தனியாக வருவதில்லை, எரிபொருளோடு சேர்ந்துதான் வருகிறது. மிக்ஸ்சரை லீன் ஆக்கினால் வேகம் கூடும், சூடும் கூடும், கூடவே எண்ணெயும் குறையும். சைலன்சரில் மெல்லிய புகைக்கோடு தெரிகிறவரைதான் உள்ளே எண்ணெய் போகிறது என்று நம்பலாம். புகை நின்றபோதே நான் கத்தியிருக்க வேண்டும். நானோ கைதட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறிய பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். தடையே இல்லாமல் வந்தது. கம்ப்ரஷன் போய்விட்டது. வீட்டில் பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே கோடு கோடாகக் கீறல்கள். கனெக்டிங் ராடு கடகடவென்று ஆடியது. மாப்பிள்ளை நல்லவர், கோபப்படவில்லை. "விடுங்க மாமா, தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரிக் ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார்.

பேரன் அழவில்லை. பேசாமல் மாடிக்குப் போய்விட்டான். ராத்திரி அவன் படுத்த பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஐந்து கட்டம் போட்டு வைத்திருந்தான். ஐந்து டாங்குக்கு ஐந்து கட்டம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு ரேஸ், எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் ஆற வைக்க வேண்டும் என்று எழுத இடம். முதல் இரண்டு கட்டத்தில் கேள்விக்குறி போட்டிருந்தான். மற்ற மூன்றும் காலி.

நான் சொன்ன மோசமான விஷயம் இதுதான். சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தவன் அந்த வீட்டில் அவன் ஒருவன். ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்கிற கிழவனும், ‘இப்பவே பறக்கணும்’ என்கிற இளையவரும் சேர்ந்து அவனைத் தோற்கடித்தோம். அடுத்த முறை ஒரு புத்தகத்தை அவன் முழுக்கப் படிப்பானா?

மறுநாள் காலையில் அவனிடம் சொன்னேன்: "உன் புக்குதான் சரி கண்ணு. தாத்தா செஞ்சது தப்பு. தூக்கிப் போட வேண்டாம், சரி பண்ணலாம்." மாப்பிள்ளையிடமும் சொன்னேன். புதுப் பிஸ்டன், ஸ்லீவ், கனெக்டிங் ராடு மூன்றும் சேர்ந்த செட் வண்டி விலையில் கால் பங்குகூட இல்லை. வரவழைத்தார். கராஜில் ஒரு மேஜை போட்டோம். இந்த முறை புத்தகம் அவன் கையில், ஸ்பானர் என் கையில். பஸ் இன்ஜின் ஹெட்டை எப்படிக் குறுக்கே குறுக்கே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவோமோ, அதே மாதிரிதான் இந்தக் கட்டைவிரல் அளவு ஹெட்டையும் முறுக்க வேண்டும். அதை மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன். மீதி எல்லாம் அவன் படித்தான், நான் செய்தேன்.

‘ரெடி டு ரன்’ என்று பெட்டியில் போட்டிருந்தார்களே, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் மட்டும் என்னென்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் ஒவ்வொரு ஸ்க்ரூவும். இன்ஜின் அதிர்வில் கழன்று விழுவது இயற்கை. இரும்பில் இரும்பு இறங்குகிற இடங்களில் ஒரு சொட்டு திரெட் லாக் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் இறங்குகிற ஸ்க்ரூவுக்கு அது கூடாது. அடுத்து பல் சக்கரங்கள். இரண்டு கியருக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை விட்டுத் திருப்பினால் அது கிழியாமல், மடிப்பு விழுந்து வெளியே வர வேண்டும். அந்த இடைவெளி போதும். ரொம்ப நெருக்கினால் பல் சூடாகும், தளர்த்தினால் பல் உதிரும்.

பிறகு ஏர் ஃபில்டர். பழைய பஸ்களில் ஆயில் பாத் ஃபில்டர் இருக்குமே, காற்று எண்ணெயில் பட்டுத்தான் உள்ளே போகும். இங்கே இருப்பது ஸ்பாஞ்ச். அதற்கும் எண்ணெய் தடவ வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த காய்ந்த ஸ்பாஞ்சோடு மண்ணில் ஓட்டினால் அத்தனை தூசியும் பிஸ்டனுக்குத்தான் போகும். அந்தச் சுற்று வேகத்தில் அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஃபெயில் சேஃப். ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் வண்டி தானாகவே ரேஸைக் குறைத்து பிரேக் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் முழு வேகத்தில் எங்கே வேண்டுமானாலும் பாயும். இன்ஜினை ஓட விடாமல், வண்டியின் சுவிட்சைப் போட்டு, கையில் இருக்கிற ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். கார்புரேட்டரை இழுக்கிற சர்வோ மூடுகிற பக்கம் திரும்புகிறதா என்று கவனியுங்கள். திரும்பவில்லையென்றால் அன்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரிமோட்டை முதலில் போட வேண்டும், கடைசியில்தான் அணைக்க வேண்டும். இது தெரியாமல் எத்தனை வீட்டில் வண்டியைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டுச் சமையல் பார்க்கப் போகிறார்கள்!

அப்புறம்தான் ரன்னிங் இன். மகளின் ஹேர் டிரையரைக் கடன் வாங்கி இன்ஜின் ஹெட்டைச் சூடாக்கினோம். என் மனைவி வாசலில் நின்று, "குழந்தைக்குக்கூட இப்படித் தலை காய வெச்சதில்லை" என்றாள். கயிற்றை நாலு தடவைக்கு மேல் ஆவேசமாக இழுக்கக் கூடாது. எரிபொருள் அதிகமாக உள்ளே போய்விட்டால் பிஸ்டன் மேலே ஏற முடியாமல் அப்படியே நின்றுவிடும். அப்போது பலத்தைக் காட்டினால் கயிறு அறும், ராடு வளையும். க்ளோ பிளக்கைக் கழற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு, மெல்ல இழுத்தால் எரிபொருள் வெளியே பீச்சிவிடும்.

முதல் டாங்க்: கால் பங்கு ரேஸ், கொஞ்சம் ஓட்டு, கொஞ்சம் நிறுத்து. இரண்டாவது: அரைப் பங்கு. மூன்று, நான்கில் இன்னும் கொஞ்சம் நீளமாக. ஐந்தாவதில்தான் முழு ரேஸ், அதுவும் இரண்டு மூன்று வினாடிக்கு. ஒவ்வொரு டாங்குக்கும் நடுவில் பதினைந்து நிமிஷம் ஆற விட வேண்டும். ஆறும்போது பிஸ்டன் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்லீவ் சுருங்கிப் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். பிஸ்டன் கீழே இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து ஃபிளைவீலில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தான் பேரன். சூட்டை டெம்பரேச்சர் கன் வைத்து அளந்தோம். அந்த ஊர்க் கணக்கில் 200-லிருந்து 220 டிகிரி, நம் கணக்கில் நூறு டிகிரியை ஒட்டி. ஊசியை ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. ‘அரைக்கால்’ என்றால் எட்டில் ஒன்று என்று அவனுக்கு அன்றுதான் சொல்லிக் கொடுத்தேன். திருப்பிய பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். புகை தெரிகிறதா, சூடு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அரைக்கால்.

இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. ஐந்து கட்டமும் நிரம்பியது. அந்த இன்ஜின் இன்றும் ஓடுகிறது.

அந்தப் புகையில் எனக்குப் பரிச்சயமான ஒரு வாசனை வந்துகொண்டே இருந்தது. டப்பாவைப் படித்த பிறகுதான் புரிந்தது, விளக்கெண்ணெய்! ஆமணக்கு எண்ணெய்தான் அந்த எரிபொருளில் செயற்கை எண்ணெயோடு கலந்திருக்கிறது. எவ்வளவு சூட்டிலும் உலோகத்தை விட்டு அகலாத குணம் அதற்கு. முதல் உலகப் போர் விமானங்களுக்கே அதைத்தான் ஊற்றினார்கள். சின்ன வயதில் நம் வாயைப் பிளந்து ஊற்றிய அதே சரக்கு டெக்சஸில் ஒரு டிரக்கை ஓட வைக்கிறது.

அதே டப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே இருந்தபோதுதான் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிச் செய்தி வந்தது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபது பேருக்கும் மேல் போய்விட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு பக்கத்திலும் இதே மெத்தனால் இருபது பேருக்கு மேல் கொன்றது. டிவியில் அந்த வாசல்களைப் பார்த்துவிட்டு எழுந்து கராஜுக்குப் போனேன். எரிபொருள் டப்பா ஆரஞ்சு ஜூஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது. வண்டிக்கு ஊற்ற வசதியாக இருக்கும் என்று யாரோ கொஞ்சத்தை ஒரு தண்ணீர் பாட்டிலில் வேறு ஊற்றி வைத்திருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். மண்ணெண்ணெயை சோடா பாட்டிலில் ஊற்றி வைத்தே வளர்ந்த கை!

மெத்தனால் உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கும். சிறிதளவே போதும் பார்வை போக, உயிர் போக. தோல் வழியாகவும் உள்ளே போகும். அதன் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் வேறு பாட்டிலில் ஊற்றவே கூடாது. பூட்டிய அலமாரி, கையுறை, ஊற்றும்போது இன்ஜின் நின்றிருக்க வேண்டும், மூடிய கராஜுக்குள் ஓட்டக் கூடாது. இதில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். விமானத்தில் இந்த எரிபொருளைக் கொண்டுவர முடியாது, அனுமதியும் இல்லை. ‘ஒரு டப்பா எடுத்துட்டு வாங்க’ என்று யாரையும் கேட்டுவிடாதீர்கள்.

ஓட்டி முடித்த பிறகும் பத்து நிமிஷ வேலை இருக்கிறது. மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். உள்ளே மிச்சம் இருந்தால் ஒரே வாரத்தில் பேரிங்குகள் துருப்பிடிக்கும். டாங்கைக் காலி செய்து, மிச்சத்தை எரித்து நிறுத்தி, பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு ஆஃப்டர் ரன் எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்து, புள்ளியைப் பார்த்துப் பிஸ்டனைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். பையன்கள் ஆட்டம் முடிந்ததும் வண்டியை மூலையில் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். இந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் கூட ஒரு பெரியவர் வேண்டும்.

இனி இரண்டு வாதங்களுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

‘ரன்னிங் இன் எல்லாம் தேவையில்லை, பந்தயக்காரர்களே செய்வதில்லை’ என்கிறார்கள். பந்தயக்காரனுக்கு இன்ஜின் செலவுக் கணக்கில் வருகிற பொருள். தேய்ந்தால் அடுத்தது மாட்டிவிடுவான். அவனிலும் கெட்டிக்காரன் சூடேற்றிப் பதமாகத்தான் தொடங்குகிறான். பதினோரு வயதுப் பையனிடம் இருப்பது ஒரே ஒரு இன்ஜின்.

‘பேசாமல் எலக்ட்ரிக் வாங்கு’ என்கிறார்கள். இதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. எலக்ட்ரிக் வண்டி வேகமானது, சத்தமில்லாதது, விஷ டப்பா வேண்டாம். பையனுக்கு வேண்டியது வேகம் மட்டும்தான் என்றால், வீட்டில் யாருக்கும் நேரமில்லை என்றால், கண்டிப்பாக அதையே வாங்குங்கள். என் சண்டை எலக்ட்ரிக்கோடு இல்லை. நைட்ரோவை வாங்கி, பெட்டியில் எழுதியதை நம்பி, ஐந்து டாங்க் பொறுமைகூட இல்லாமல் நாசமாக்கிவிட்டு, ‘இதெல்லாம் சரிப்படாது, தூக்கிப் போடு’ என்று பிள்ளையின் கண் முன்னால் சொல்கிறார்களே, அவர்களோடுதான் சண்டை. பிள்ளைக்கு அவர்கள் கற்றுக்கொடுப்பது, எதையும் படிக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம், கெட்டால் சரி செய்ய வேண்டாம் என்பதைத்தான்.

என் வயதுக்காரர்களுக்கும் சொல்கிறேன். அங்கே போய் ‘எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்’ என்று சோபாவில் ஒடுங்காதீர்கள். சத்தத்தை வைத்து இன்ஜினைத் தெரிந்துகொள்கிற காது உங்களிடம்தான் இருக்கிறது. அதே சமயம் என்னைப் போல ‘ஆயிரம் பிரிச்சவன்’ என்று மார்தட்டாதீர்கள். நம் ராஜ்தூத்துக்குச் சரியாக இருந்தது இதற்குச் சரியாக இராது. பேரனைப் புத்தகம் படிக்கச் சொல்லுங்கள்; நீங்கள் கேளுங்கள்.

நண்பருக்கு இதை அனுப்பப் போகிறேன். அவர் அங்கே இருக்கப் போவது ஆறு மாதம். ஐந்து டாங்குக்கு இரண்டு சனிக்கிழமை போதும். அதைத் தர முடியுமென்றால் வாங்கட்டும். முடியாதென்றால் நல்ல சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் வீடியோவில் கூப்பிட்டான். பனிக்காலம் முடியும் வரை வண்டியை எடுத்து வைத்துவிட்டானாம். டாங்க் காலி, எண்ணெய் விட்டாயிற்று, டப்பா பூட்டிய அலமாரியில். போனை ஃபிளைவீல் பக்கம் கொண்டுபோய்க் காட்டினான்.

"புள்ளி தெரியுதா தாத்தா? கீழேதான் நிக்குது."

தெரிந்தது.